மூடி திறக்காத டின்

முனீஸ்வரர் துணை

கோலா சாவா
தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிறு

பெர்த்தில் இருக்கும் அன்பு இந்துஜாவுக்கு,

குமுதவல்லி பாட்டி சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருக்க முனீஸ்வரர் துணை நிற்க வேண்டும்.

நீ அனுப்பிய பொங்கல் வாழ்த்து அட்டை கிடைத்தது. அதில் உன் விலாசம் இல்லை. போன வாரம் முழங்கால் வைத்தியரைப் பார்க்க மந்தினுக்குப் போயிருந்தேன். அங்கே பாசாரில் உன் அம்மா அன்னபூரணத்தைப் பார்த்தேன். கையில் இருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு துண்டுத் தாளில் உன் விலாசத்தை எழுதித் தந்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. என் எழுத்து குண்டு குண்டாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து என்றாலும் தப்பில்லாமல் எழுதுவேன்.

போனில் குரல் பதிந்து அனுப்பலாமே என்று நீலாவதி சொன்னாள். மருமகள் சொன்னதைக் கேட்டு ஒரு தடவை பேசியும் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது. போன் நிற்கவில்லை, நான்தான். எழுத்து அப்படி நிற்காது. நின்றாலும் யாருக்கும் தெரியாது.

முதலில் வீட்டு நடப்பைச் சொல்லிவிடுகிறேன். மழை விட்டு வெயில் தொடங்கிவிட்டது. செம்பனைக் குலை நன்றாக இறங்குகிறது, வெட்டத்தான் ஆள் போதவில்லை. என் மகன் புனிதன் இன்னும் அதே தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோர் வேலைதான் பார்க்கிறான். வங்காளதேசத்துப் பையன்கள் அவனைப் பார்த்தால் பயப்படுகிறார்கள். முன்னே சிரித்துப் பேசுகிற மண்டோர்தான், இப்போது வாய் திறப்பதில்லை. நீலாவதிக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள், ஆனால் குலாப் ஜாமுனையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அட்டையின் அடியில் சின்னதாக ஒரு வரி எழுதியிருந்தாய். இப்போதெல்லாம் பீர் தொடுவதே இல்லை என்றும், பீர்க் கடையைத் தாண்டிப் போகும்போதுகூட அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்றும். வேறு பாட்டியாக இருந்தால் நல்ல பிள்ளை என்று மெச்சியிருப்பார். எனக்குக் கோபம்தான் வந்தது. குடி என்று நான் சொல்லவில்லை. நீ எதற்காக விட்டாய் என்பது எனக்குத் தெரியும், அந்தக் காரணம் பொய். பொய்க்குப் பயந்து எதையும் விடக்கூடாது, அது நல்ல பழக்கமாக இருந்தாலும் சரி, கெட்ட பழக்கமாக இருந்தாலும் சரி.

என் பேரன் தேவன் வீட்டில் எப்படிக் குடித்தான் என்பதை உன்னைவிட நான் அதிகம் பார்த்தவள். உன்னோடு கடைக்குப் போவான், உன்னோடு பேசிப் பேசி வாங்குவான். திறப்பதெல்லாம் என் மேசையில்தான். அதனால் நான் சொல்கிறேன், கேள்.

சனிக்கிழமை செனவாங் தொழிற்சாலையில் அரைநாள் வேலை முடிந்து வருவான். குளித்துவிட்டு முதலில் செய்வது மோட்டார் சைக்கிள் சாவியை என்னிடம் கொடுப்பதுதான். நான் அதை வெற்றிலை டப்பாவில் போட்டு மூடி மடியில் வைத்துக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் ஃப்ரிட்ஜ் கதவைத் திறப்பான். டின்னை எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். அதிகச் சில்லிப்பாக இருந்தால் மணம் வராதாம். கிளாஸைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் கழுவி, கவிழ்த்து, தானாகக் காயவிடுவான். துணியால் துடைத்தால் துணி வாசம் வருமாம். 'பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்ளோ சுத்தம் பாக்க மாட்டான்' என்று நீலாவதி கிண்டல் செய்வாள். 'பொண்ணெல்லாம் பாத்தாச்சு, பீர்தான் பாக்கணும்' என்று அவனும் விடமாட்டான்.

அந்தப் பேச்சு யாரைப் பற்றியது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புனிதனுக்கும் தெரியும். அடுத்த தை பிறந்ததும் மந்தினுக்கு வந்து உன் அப்பா சின்னத்துரை ஐயாவிடம் பேசுவதாகத்தான் இருந்தோம். உங்கள் தாத்தா கணக்கெழுதுகிற கிராணியாக நாற்காலியில் உட்கார்ந்தவர், நாங்கள் ரப்பர் பால் வாளி தூக்கியவர்கள். அதை நினைத்து நான் ஒரு நாளும் கூசவில்லை. நல்ல பட்டுப்புடவை ஒன்று எடுத்து வைத்திருந்தேன்.

பீருக்கு வருகிறேன். கிளாஸைச் சாய்த்து ஊற்றுவான், பிறகு நிமிர்த்துவான், நுரை எழும்பி நிற்கிறதா என்று கண் மட்டத்துக்குக் குனிந்து பார்ப்பான். எனக்கென்று ஒரு சின்ன கிளாஸ் வைத்திருந்தான். 'அப்பாயி, மொதல்ல மோந்து பாருங்க, என்னா வருதுன்னு சொல்லுங்க' என்பான். எனக்கு வந்ததை நான் சொல்வேன். ஆந்தைப் படம் போட்ட டின்னில் பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளின மாதிரி வாசம். வாயில் விட்டால் வேப்பங்கொழுந்துக் கசப்பு. கோதுமை பீர் என்று கலங்கலாக ஒன்று கொடுத்தான். அதில் பிசாங் மாஸ் வாழைத்தாரில் பழுத்துத் தொங்குகிற வாசமும் கிராம்பு வாசமும் வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. பழம் வேண்டுமென்றால் பழத்தையே தின்னலாம் என்று சொல்லிவிட்டேன். கறுப்பு வகை நன்றாக இருந்தது, காப்பியும் கருகின வெல்லமும் கலந்த மாதிரி. புனிதனைப் பெற்ற உடம்புக்கு என் மாமியார் ரத்தம் ஊற வேண்டும் என்று கறுப்பு ஸ்டவுட் ஊற்றிக் கொடுத்தவர். அதனால் அந்த வகை எனக்குப் புதிதில்லை.

கப்பல் படம் போட்ட புளிப்பு பீர்தான் என் கட்சி. மாங்காயை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் குடித்த மாதிரி இருக்கும். அதற்கு நான் ஒரு நாள் கருவாட்டைப் பொரித்து, வெங்காயமும் மிளகாயும் வதக்கிப் போட்டு, தட்டை அவன் முன்னால் தள்ளினேன். 'பீருக்குக் கருவாடா அப்பாயி' என்று முகம் சுளித்தான். ஒரு வாய் தின்று ஒரு வாய் குடித்துவிட்டு மறு வாய்க்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு தட்டைப் படம் பிடித்துத் தன் பீர்க் கூட்டாளிகளுக்கு அனுப்பினான். பினாங்கில் இருந்து ஒருவன், இந்தப் பாட்டியைச் சம்பளம் போட்டுக் கூப்பிடலாமா என்று கேட்டிருந்தானாம். வரமாட்டேன், வேலை இருக்கிறது என்று எழுதச் சொன்னேன்.

பெடாஸில் இருந்து நீலாவதியின் தம்பி அர்ச்சுனன் வந்த அன்றுதான் பெரிய சண்டை. தேவன் பொறுமையாக ஊற்றி வைத்த கசப்பு பீரில் அவன் பாட்டுக்கு ஐஸ் கட்டியை அள்ளிப் போட்டுவிட்டான். நம் தோட்டத்து ஆண்கள் எல்லோரும் அப்படித்தானே குடிப்பார்கள். தேவனுக்கு முகமே செத்துப்போனது. 'மாமா, மணமெல்லாம் போயிடும் லா' என்றான். 'ஐஸ் இல்லாத பீரு கஷாயம்டா, காய்ச்சல் வந்தா குடிக்கிறேன்' என்று அர்ச்சுனன் சொன்னான். அப்புறம் இரண்டு பேரும் சிரித்து, அந்த ஐஸ் போட்ட கிளாஸை மாமனே குடித்து முடித்தான். தேவன் வேறு ஒன்று திறந்தான். அந்த ஒன்றை விளக்கு வைக்கும் நேரம் வரை கையில் வைத்திருந்தான். அதுதான் அவன் குடிக்கிற லட்சணம். கள்ளையும் சம்சுச் சாராயத்தையும் குடித்துவிட்டு வாய்க்காலில் கிடந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவர்களையும் இவனையும் ஒரே சொல்லால் குடிகாரன் என்று சொன்னால் நான் ஒப்ப மாட்டேன்.

அந்த நாளைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ உன் மனசில் வேறு மாதிரி எழுதி வைத்திருப்பாய். நடந்தது இது.

போன மார்ச்சில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கோலாலம்பூர் கடையில் சொல்லி வைத்த பீர்ப் பெட்டி உன் வீட்டுக்கு வந்தது. அவன் சனிக்கிழமை காலையில் லீவு போட்டுவிட்டு மந்தினுக்கு வந்தான். உன் அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தான். பெட்டியில் பாதியை உனக்கு வைத்துவிட்டு மீதியை மோட்டாரின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினான். ரந்தாவ் ரோட்டில் மழை பிடித்தது. எதிரே வந்த லோரி வழுக்கித் தடம் மாறியது. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். பெட்டி உடைந்து டின்கள் ரோட்டில் உருண்டன. சிலது வெடித்து அவன் சட்டையெல்லாம் பீர். ஓடி வந்தவர்களுக்கு முதலில் வந்தது அந்த வாசம்தான். யாரோ போனில் படம் எடுத்தார்கள். பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு முன்னே, குடித்துவிட்டு ஓட்டினான் என்ற பேச்சு வீட்டுக்கு வந்துவிட்டது.

புனிதன் வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்தவன் இல்லை. சம்பள நாளில் ஆட்களுக்குப் புத்தி சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவன். அவன் வீட்டு வாசலில் ஊர் வந்து நின்று அப்படிப் பேசியது. அந்த நேரம் பார்த்து நீ உன் அம்மாவோடு கேட்டுக்குள் நுழைந்தாய். 'நீ குடுத்த பெட்டிதானம்மா. மிச்சத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிடு' என்று சொல்லிவிட்டான். நீ பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பினாய். பிறகு இந்த நாட்டிலேயே இருக்கவில்லை.

சவப் பரிசோதனை அறிக்கை வந்தது. உடம்பில் ஒரு சொட்டும் இல்லை என்று எழுதியிருந்தது. புனிதன் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடம் எல்லாம் நீட்டினான். யார் நின்று அதைப் படிப்பார்கள். பாவம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். தாளை நம்ப வைக்க முடியவில்லை என்றதும்தான் அவனுக்கு டின் ஞாபகம் வந்தது.

உங்கள் வீடுகளில் எப்படி என்று எனக்குத் தெரியாது. எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். கருமாதிக்கும் வருஷப் படையலுக்கும் இறந்தவருக்கு இலை போட்டு, அவர் உயிரோடு இருந்தபோது எதை விரும்பினாரோ அதை எல்லாம் வைப்போம். கோழிக் கறி, முட்டை, சுருட்டு, பீர், எதுவானாலும். சூடம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு, எல்லோரும் கொஞ்ச நேரம் வெளியே நிற்போம். உள்ளே அவர் வந்து சாப்பிடுவார். சோற்றைப் பிசைய வசதியாகக் குழி வைப்போம், சுருட்டைப் பற்ற வைப்போம், புட்டியைத் திறந்து கிளாஸில் ஊற்றுவோம். வருகிறவர் நம் வீட்டுப் பிள்ளை. அவர் கையால் மூடி திருகிக்கொண்டு இருக்கக் கூடாது.

தேவன் கருமாதிக்கு நானும் நீலாவதியும் எல்லாம் சமைத்து இலையில் வைத்தோம். அப்போது புனிதன் உள்ளே போய், ரோட்டில் இருந்து போலீஸ்காரர்கள் எடுத்துக் கொடுத்த டின்களில் ஒன்றைக் கொண்டுவந்தான். ஆந்தை டின். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அதை இலையின் நடுவில் நிமிர்த்தி வைத்தான். வழக்கப்படி திறக்கலாம் என்று அர்ச்சுனன் கையை நீட்டினான். புனிதன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். 'எல்லாரும் பாத்துக்குங்க. மூடி தொறக்கல. ஒன்னுகூட தொறக்கல' என்றான். சூடம் காட்டிக் கதவைச் சாத்தினோம்.

மறுபடி திறந்து பார்த்தபோது சோற்று ஆவி டின் மேல் படிந்து தண்ணீராக இறங்கி இலையில் வட்டமாக நின்றது. அவ்வளவுதான். புனிதன் அதைச் சாட்சிக்கு வைத்தான், பிள்ளை குடிக்க வைக்கவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள். வந்தவன் மட்டும் தாகத்தோடு திரும்பிப் போனான்.

அன்றிலிருந்து அந்த டின்கள் எல்லாம் முன் கூடத்துக் கண்ணாடி அலமாரியில், தேவன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய ஹாக்கிக் கோப்பைக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. மத்தியானம் வெயில் நேராக அதன் மேல்தான் விழும். வீட்டுக்கு யார் வந்தாலும் புனிதன் ஒன்றை எடுத்து மூடியைக் காட்டுகிறான். தொடவிட மாட்டான். கசப்பு பீரைச் சூட்டில் வைத்தால் அதன் மணமெல்லாம் செத்து, ஈரமான அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும் என்று தேவன் எத்தனை தடவை சொல்லியிருப்பான். ஃப்ரிட்ஜில் வைத்தாலே சீக்கிரம் குடித்துவிட வேண்டும் என்பான். கறுப்பு வகை நாள்பட்டாலும் தாங்கும் என்பான். அவன் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்ட சாமான்கள் பத்து மாதமாக வெயிலில் காய்கின்றன. தினமும் அந்தக் கூடத்தைக் கூட்டுகிறவள் நான்.

புனிதனிடம் பேசாமல் இருப்பேனா. உன் அப்பன் முருகையா குடித்துவிட்டு வந்து நம்மை அடித்துத் துரத்திய நாளெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றான். இருந்தும் வருஷா வருஷம் அவர் இலையில் சம்சுப் புட்டியைத் திறந்து ஊற்றி வைத்தோமா இல்லையா என்றேன். வைத்தோம் என்றான். அடித்தவருக்குத் திறந்து வைத்தோம், ஒரு எறும்பை மிதிக்காத பிள்ளைக்கு மூடியோடு வைக்கிறாயே, இது என்ன நியாயம் என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதில் இதுதான்: 'தொறந்துட்டா, அப்பவே தொறந்துதான் இருந்துச்சின்னு சொல்லுவாங்கம்மா.' அவன் சொன்னதும் பொய் இல்லை. சொல்லக்கூடியவர்கள் சொல்வார்கள்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். மார்ச் மாதக் கடைசியில் அவனுக்கு வருஷப் படையல். இந்தத் தடவையும் மூடியோடு வைத்தால் நான் அந்தக் கதவைச் சாத்தவிட மாட்டேன். நீ வர வேண்டும். அந்தப் பெட்டியில் என்னென்ன இருந்தது என்று அவனோடு உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவள் நீ. உன் வீட்டில் அவன் தேநீர் மட்டும்தான் குடித்தான் என்று பார்த்தவளும் நீ. எதைத் திறக்க வேண்டும், எந்தக் கிளாஸில் ஊற்ற வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும். நீ வந்து நின்றால் புனிதன் மறுக்க மாட்டான். மறுத்தால் என்னிடம் விடு.

இதோடு நிறுத்துகிறேன், கை வலிக்கிறது. மீதியை நாளைக்கு.

செவ்வாய்க்கிழமை

நேற்று எழுத முடியவில்லை. ஒரு காரியம் நடந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எழுதிய தாள்களை மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் வேலைக்குப் போகும் முன் புனிதன் தானே காப்பி கலக்குவான் என்பது எனக்குத் தெரியாதா. தெரியும். ஆனால் மறைத்து வைக்கிற மாதிரி நான் ஒன்றும் எழுதவில்லை. எழுந்து பார்த்தபோது தாள்கள் மேசையில் விரித்தபடி கிடந்தன. காப்பி குடிக்காமல் ஆடை கட்டிக் கிடந்தது. அவன் போய்விட்டிருந்தான்.

மத்தியானம் வழக்கத்துக்கு முன்னே வந்தான். கையைக் கழுவினான். நேராக முன் கூடத்துக்குப் போய் அலமாரியைத் திறந்தான். ஒரு ஈரத்துணியால் ஒவ்வொரு டின்னாகத் துடைத்தான். நசுங்கின இடத்தில் விரலை வைத்து வைத்துத் துடைத்தான். நானும் நீலாவதியும் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தான். கீழ்த்தட்டில் இருந்த மீனையும் தேங்காய்ப்பால் டப்பாவையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் டின்களை அடுக்கினான். 'மீன எங்கங்க வெக்கிறது' என்று நீலாவதி கேட்டாள். 'சமைச்சிரு' என்றான். நேற்று எங்களுக்கு இரண்டு வேளையும் மீன் குழம்புதான், பூனைக்கும் அதுதான்.

சாப்பிட்டு முடித்ததும் என் எதிரே உட்கார்ந்தான். 'ஃப்ரிட்ஜில வெக்கணும்னு எனக்கு யாரும்மா சொன்னா' என்றான். கோபமாகக் கேட்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டியதுதான். ஆனால் அவன் கேட்கிற நிலையில் இருந்தால்தானே. கெட்டுப்போயிருக்குமா என்று கேட்டான். கசப்பு வகை போயிருக்கும், கறுப்பும் புளிப்பும் தாங்கியிருக்கலாம் என்றேன். பிறகு, இதில் எதை முதலில் திறக்க வேண்டும் என்று கேட்டான். இந்துஜா, அவன் வாயில் இருந்து அந்தக் கேள்வி வந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. லேசானதை முதலில், கனமானதைக் கடைசியில் என்று தேவன் சொல்வான், ஆனால் இந்தப் பெட்டி அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தது, எனக்கு வரிசை தெரியாது என்றேன்.

'அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். வந்து தொறக்கச் சொல்லி எழுதுங்கம்மா' என்றான்.

திறந்துவிட்டால் உன் சாட்சி போய்விடுமே என்று நான் வேண்டுமென்றே கேட்டேன். அவன் நிச்சயமாகச் சொல்கிறானா என்று தெரிய வேண்டும் எனக்கு. 'யாருக்கும்மா காட்டிக்கிட்டிருக்கேன்' என்றான். அதற்குப் பிறகு, வாசலில் வைத்து உன்னிடம் சொன்னதைப் பற்றி என்னவோ பேச வாயெடுத்தான். முடியவில்லை. அதை நீயே எழுது என்று இந்தத் தாளையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். மேலே ஒரு சின்னப் புள்ளி இருக்கிறதே, அது அவன் வைத்தது. அழிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கடைசியில் பேனாவை என்னிடம் கொடுத்து, 'ஏர்போர்ட்டுக்கு நானே வந்து கூப்புட்டுக்கிறேன்னு எழுதுங்க. டாக்சி புடிக்க வேணாம்' என்றான். எழுதிவிட்டேன். என் மகனுக்கு மன்னிப்பு கேட்கத் தெரியாது, ஆனால் ஏர்போர்ட்டில் வெகு முன்னாலேயே வந்து நிற்பான். நீ வெளியே வரும்போது அவன் தலையைக் குனிந்துகொண்டு உன் பெட்டியைத்தான் முதலில் வாங்குவான். கொடுத்துவிடு. நான் எடுத்துக்கொள்கிறேன் என்று இழுத்துப் பிடிக்காதே.

இனி வேலையைப் பார்ப்போம். டிக்கெட்டை இப்போதே போடு, பள்ளி விடுமுறை வந்தால் விலை ஏறிவிடும் என்று நீலாவதி சொல்கிறாள். கசப்பு வகையில் புதிதாக ஒன்று அங்கிருந்து எடுத்துக்கொண்டு வா. அவனுக்குப் பிடித்த மாதிரி, மூக்குக்கு முன்னே மணம் வருகிற மாதிரி. துணியில் நன்றாகச் சுற்றிப் பெட்டிக்குள் வை. நசுங்கிய ஆந்தை டின்னையும் திறப்போம், அட்டை வாசம் வந்தாலும் பரவாயில்லை. அது அவன் வீட்டுக்கென்று தன் கையால் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பியது. உன் அப்பாவையும் அம்மாவையும் புனிதனும் நீலாவதியும் மந்தினுக்கு நேரில் போய் அழைப்பார்கள். அர்ச்சுனனும் வருவான். ஐஸ் பெட்டியை அவன் கண்ணில் படாமல் வைக்க வேண்டியது என் பொறுப்பு.

நம் ஆட்கள் பேசுவார்கள். இந்தப் பெண் யார், எந்த முறையில் இலைக்கு ஊற்றுகிறாள் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் நான் உயிரோடு இருக்கிறேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். கிளாஸைச் சாய்த்து ஊற்று, நிமிர்த்து, நுரை நிற்கட்டும். பிறகு நீயே வந்து கதவைச் சாத்து.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். இதைப் புனிதன் படிக்கவில்லை, படித்தாலும் சரி. உனக்கு வயசு இருக்கிறது, அங்கே நாலு பேர் நடுவில் வாழ்கிறாய். உனக்கு ஒரு துணை அமைந்திருந்தால், இல்லை அமையப்போவதாக இருந்தால், எங்களை நினைத்துத் தயங்காதே. அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. என்ன குடிப்பார், காரம் தின்பாரா என்று மட்டும் முன்கூட்டி எழுது. தேவன் இலையை எடுத்த பிறகு நாம் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். என் கையால்தான் இலை போடுவேன். உன் பக்கத்தில் ஒரு இலை போட்டு வைக்கிறேன். இந்த வருஷம் அதில் ஆள் இல்லாவிட்டாலும் அடுத்த வருஷமாவது இருக்க வேண்டும் என்று நான் தினமும் சாமியிடம் கேட்கிறேன். நீ நன்றாக இருந்தால்தான் அவன் இந்த வீட்டுக்கு வந்து நிம்மதியாகக் குடித்துவிட்டுப் போவான். வா அம்மா.

உன் அப்பாயி,
குமுதவல்லி